கொழும்பில் கட்டட சைட்டுக்குப் புதிதாக வருகிறீர்களா? யோசினை கூடுவதற்கு முன்னம் செய்ய வேண்டியவை

ஒரு தூணுக்குக் கொங்கிரீட் போட்டால், சரியாகப் போட்டோமா என்று அன்றைக்குத் தெரியாது. அதே கொங்கிரீட்டில் 150 மில்லிமீற்றர் கியூப் (கனசதுரக் கட்டி) வார்த்து, மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, 7ஆம் நாள் சிலதை உடைத்துப் பார்ப்பார்கள். மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்திருந்தால் ஆறுதல். முழுப் பதில் 28ஆம் நாள்தான் வரும். அதற்குள் அந்தத் தூணின் தலையில் இரண்டு தளம் ஏறியிருக்கும்.

கட்டட வேலையில் ஏன் இவ்வளவு யோசினை என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த 28 நாளைத்தான் காட்டுவேன். செய்த வேலை சரியா பிழையா என்று அன்றைக்கே தெரிந்துவிட்டால் இரவு நித்திரை வரும். எங்களுக்கு அது கிடைப்பதில்லை.

நான் வேலை தொடங்கி எட்டாவது மாதம். கொம்பனித்தெருப் பக்கம் ஒரு மாடிக் கட்டடம். நான் நின்று போட்ட தூண்களின் 28 நாள் ரிசல்ட் குறைவாக வந்தது. கிழமைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால், “அங்கே நின்று என்ன செய்துகொண்டிருந்தாய்?” என்று சிங்களத்தில் ஒரு கேள்வி. தூணைத் துளைத்துக் கோர் என்கிற உருளைத் துண்டை எடுத்து, அதை உடைத்துப் பதில் வர மூன்று கிழமை ஆனது. அந்த மூன்று கிழமைக்குள் இரண்டு தரம், 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவன் இரத்மலானை வரை போய்த் திரும்பி வந்தேன். பஸ்ஸில் நித்திரையாகவில்லை. கண் திறந்துதான் இருந்தது.

கோர் ரிசல்ட் நல்லபடியாக வந்தது. விசாரித்துப் பார்த்தால், அந்தச் சனி ஞாயிறு கியூப்கள் தொட்டிக்கே போகவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் வெயிலில் கிடந்திருக்கின்றன. தூண் சரி, கியூப்தான் பிழை. இதில் என்னை இன்னும் உறுத்துவது ஒன்றுதான். சனிக்கிழமை தொட்டியில் தண்ணீர் இல்லாததை நான் கண்டேன். ஸ்டோர்காரரிடம் வாயால் சொன்னேன். எழுதவில்லை.

சைட் எஞ்சினியராகத் தொடங்கி இப்போது ஒப்பந்தப் பக்கத்து வேலை பார்க்கிறேன். எஞ்சினியர், கியூஎஸ் (அளவும் செலவும் கணக்கிடுபவர்), டீஓ (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) என்று எந்தப் பெயரோடு முதல் சைட்டுக்குப் போனாலும் உங்களுக்குப் பயன்படக்கூடியதைக் கீழே வரிசையாக எழுதுகிறேன். நான் வைத்தியன் இல்லை. வைத்தியரிடம் போக வேண்டிய கட்டம் வரும்போது அதையும் சொல்கிறேன்.

சேர முன்னம்: கடிதத்தை வாசியுங்கள்

நியமனக் கடிதம் கையில் கிடைத்ததும் சம்பளத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். ஒருநாள் பொறுத்து, உட்கார்ந்து வாசியுங்கள். யாருக்குக் கீழே வேலை, வேலை நேரம் என்ன, லீவு எத்தனை, விலகுவதென்றால் எத்தனை நாள் அறிவித்தல். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு நாளைக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணிதான் சாதாரண வேலை நேரம். (சைட்டில் இதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். இருந்தாலும் தெரிந்து வைத்திருங்கள்.) ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) உங்கள் பக்கம் 8 வீதம், கம்பனி பக்கம் 12 வீதம், அதற்கு மேல் கம்பனி கட்டுகிற ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். மாதாமாதம் கட்டுகிறார்களா என்று மூன்றாம் மாதமே பாருங்கள். ஒழுங்காகக் கட்டாத இடத்தில் சம்பளமும் ஒருநாள் பிந்தத்தான் செய்யும். முறையிடுவதென்றால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது.

நேர்முகத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “என் கையெழுத்து எந்தெந்தத் தாளில் விழும்?” இதை நான் கேட்டதில்லை. அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். கம்பி செக் பண்ணி ஒப்பமிடுவது யார், மிக்ஸர் லொறி வந்தால் ஸ்லம்ப் (கொங்கிரீட்டின் இளக்கம்) பார்த்து ஏற்பது யார், சப் கொன்ட்ராக்டரின் அளவை உறுதிப்படுத்துவது யார். பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரியாதவருக்குச் சைட்டில் நடக்கிற எல்லாமே தன் பிழை மாதிரித் தெரியும்.

பெண்கள் இன்னும் இரண்டு கேட்க வேண்டும். சைட்டில் பூட்டுப் போடக்கூடிய தனிக் கழிவறை இருக்கிறதா, இரவு கொங்கிரீட் முடிந்தால் வீட்டுக்கு வாகனம் தருவார்களா. என்னோடு வேலை செய்த ஒரு கியூஎஸ் தங்கச்சி காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நாளைக் கழித்தவர். ஏனென்று எங்களுக்கு விளங்க ஆறு மாதம் எடுத்தது. தலையிடி, எரிச்சல், மயக்கம் எல்லாவற்றையும் அவருடைய “குணம்” என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

முதல் கிழமை: ஒரு கொப்பி

80 பக்கக் கொப்பி போதும். பொக்கற்றுக்குள் அடங்கினால் இன்னும் நல்லது. மழையில் நனையும், ஆகையால் பேனைக்குப் பதில் பென்சில். போனில் எழுதலாமே என்பீர்கள்; சீமெந்துக் கையோடு போனைத் திறந்து எழுதிய ஒருவரையும் நான் காணவில்லை.

எழுத வேண்டியது கதை இல்லை. திகதி, நேரம், யார், என்ன. “சனி 11.20. கியூப் தொட்டியில் தண்ணீர் இல்லை. ஸ்டோருக்குச் சொன்னேன்.” இவ்வளவுதான். இந்த ஒரு வரி என்னிடம் இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் வாயடைத்து நின்றிருக்க மாட்டேன். அதைவிட, ரிசல்ட் குறைவாக வந்த அன்றைக்கே கியூபைச் சந்தேகித்திருப்போம், மூன்று கிழமை தூணைச் சந்தேகித்திருக்க மாட்டோம்.

சைட்டில் பாதி உத்தரவு வாயால்தான் வரும். கன்சல்டன்ட் வந்து, “இந்தச் சுவரை ரெண்டடி தள்ளு” என்று கையைக் காட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து, யார் சொன்னது என்று கேள்வி வரும். அன்றைக்கே ஒரு செய்தி போடுங்கள்: “சேர், இன்று காலை சைட்டில் சொன்னபடி மூன்றாம் தளத்துச் சுவரை இரண்டடி கிழக்கே மாற்றுகிறோம். வேறு விதமென்றால் அறியத் தாருங்கள்.” மரியாதைக்கும் குறைவில்லை, பதிவும் ஆயிற்று. ஒருவரும் கோபித்ததில்லை. கோபிக்கிறவர் என்றால், அவர் சொல்வதைக் கட்டாயம் எழுதத்தான் வேண்டும்.

ஒப்பந்தப் பக்கம் இது இன்னும் கூரானது. இங்கே பெரிய வேலைகளில் புழங்குகிற 1999ஆம் ஆண்டு ஃபிடிக் சிவப்புப் புத்தகம் என்கிற சர்வதேச ஒப்பந்த மாதிரியில், மேலதிக நாளோ காசோ கேட்பதென்றால் விஷயம் தெரிந்து 28 நாளுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். பில்லைப் பார்த்து எஞ்சினியர் சான்றிதழ் கொடுக்கவும் 28 நாள். கியூபுக்கும் 28 நாள். எங்கள் வாழ்க்கையே 28இல் ஓடுகிறது என்று கியூஎஸ்மார் பகிடியாகச் சொல்வார்கள். அறிவித்தல் திகதி தவறிவிடுமோ என்று நடுச்சாமத்தில் எழும்பி இருப்பவர்களை நான் அறிவேன். கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, சம்பவம் நடந்த திகதியையும் 28ஆம் நாளையும் எழுதி வையுங்கள். 28ஆம் நாள் வரை இருக்க வேண்டாம், 7ஆம் நாளே அனுப்புங்கள்.

கொப்பியால் இன்னொரு வேலையும் ஆகும். சைட்டை விட்டுக் கிளம்ப 10 நிமிடத்துக்கு முன் இருந்து, நாளைக்குச் செய்ய வேண்டிய மூன்று வேலையை எழுதுங்கள். மண்டைக்குள் ஓடுகிற பயம் ஏதும் இருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள்: “ஐந்தாம் தளத்துப் பீமுக்குக் கம்பி குறையுமோ?” எழுதிவிட்டால் பஸ்ஸில் அதையே திருப்பித் திருப்பி மெல்ல வேண்டியிருக்காது. எனக்கு இது பழக இரண்டு மாதம் எடுத்தது.

பாஷை

வடக்கிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருகிறவர்களுக்கு இது பெரிய சுமை, வெளியே சொல்வதில்லை. பாஸ்மார் (மேசன், தச்சர் போன்ற கைவேலைக்காரர்) சிங்களத்தில் வேகமாகச் சொல்வார்கள். விளங்காது. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். “ஹரி ஹரி” என்று தலையாட்டிவிட்டு வந்து, பின்னேரம் முழுக்க எதற்குத் தலையாட்டினோம் என்று யோசிப்போம். நான் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

முதல் நாளே இந்த ஒரு வரியைப் பாடமாக்குங்கள்: “மட்ட தேருணே நே, ஆயெத் கியன்ன.” எனக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று அர்த்தம். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுச் சொல்லித் தருவார்கள். மணல் வெலி, தண்ணீர் வதுர, நாளை ஹெட்ட. கம்பிக்குக் கம்பிதான், அதில் சண்டையில்லை. பத்து மணித் தேத்தண்ணிக்குச் சைட் ஒபிஸ் ஏசிக்குள் போகாமல், வயதான பாஸ் ஒருவருக்குப் பக்கத்தில் பிளேன்ரீயோடு இருங்கள். மூன்று மாதத்தில் பாஷையும் வரும், உங்களுக்கு ஏதும் பிழைக்கப்போகிறதென்றால் முன்கூட்டியே வந்து சொல்ல ஓர் ஆளும் கிடைப்பார்.

சத்தம் போடுகிற சேர், காசு கேட்கிற பாஸ்

சத்தம் போடாத சைட் அபூர்வம். அந்தச் சத்தம் எங்கிருந்து புறப்படுகிறதென்று தெரிந்தால் கொஞ்சம் தாங்கலாம். அதே ஃபிடிக் புத்தகத்தின்படி, பில் கொடுத்த நாளிலிருந்து காசு கைக்கு வர 56 நாள் வரை போகலாம். அது ஒழுங்காக நடந்தால். இடையில் சீமெந்துக் கடைக்காரன், கம்பிக் கடைக்காரன், கொங்கிரீட் பம்ப்காரன் எல்லோரும் ப்ரொஜெக்ட் மனேஜருக்குப் போன் எடுப்பார்கள். 2022இல் சாமான் விலை வாரத்துக்கு வாரம் ஏறி, டீசல் இல்லாமல் வேலைகள் நின்று, பலபேர் வெளிநாட்டுக்குக் கிளம்பினார்கள். மூன்று பேர் பார்த்த வேலையை ஒருவர் பார்க்கிற வழக்கம் அதோடு பல இடங்களில் நிலைத்துவிட்டது. மேலே போன் வைத்த கையோடு கீழே திரும்பினால் முதலில் கண்ணில் படுவது புதிதாக வந்த நீங்கள்தான்.

விளங்கிக்கொள்ளச் சொன்னேனே தவிர, பொறுத்துக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை. வேலையைப் பற்றிய சத்தமென்றால் அந்த நேரம் வாதாட வேண்டாம். பின்னேரம் தனியே போய், “சேர், காலையில் சொன்னதில் எந்த இடம் பிழை என்று காட்டினீர்களென்றால் திருத்திவிடுவேன்” என்று கேளுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே இறங்கிவருவார்கள். உங்கள் பிறப்பையோ பாஷையையோ உடம்பையோ தொட்டு வருகிற சத்தம் வேறு வகை. அதைத் திகதியோடு கொப்பியில் எழுதி, மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். பாலியல் தொல்லை இந்த நாட்டில் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். சைட்டும் அதற்குள் அடங்கும்.

இனிக் கீழேயிருந்து வருகிற அழுத்தம். இதை எந்தக் கம்பஸிலும் சொல்லித் தரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஷட்டரிங் (கொங்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற) சப் கொன்ட்ராக்டர் வந்து நிற்பார்.

“மஹத்தயா, திங்கள் காசு வருமா?”

“பில் மேலே போயிருக்கிறது, அண்ணே. பாஸாகும்.”

“பொடியன்மார் ஊருக்குப் போகவேணுமாம். திங்கள் என்று சொல்லட்டுமா?”

இந்த இடத்தில், இரக்கப்பட்டு, “ஓம், சொல்லுங்கோ” என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். திங்கள் காசு வரவில்லை. செவ்வாய் எட்டுப் பேர் வேலைக்கு வரவில்லை, ஒருவர் மனைவியின் நகையை அடகு வைத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். திகதி சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை. “எனக்குத் தெரியாது, அண்ணே. கணக்குப் பிரிவில் கேட்டு நாளைக் காலை பத்து மணிக்குச் சொல்கிறேன்” என்று சொல்லி, பத்து மணிக்குப் போய் உள்ளதைச் சொல்லுங்கள். பதில் “இன்னும் இல்லை” என்றாலும் போய்ச் சொல்லுங்கள். மனிதர்கள் காசில்லாமையைக்கூடத் தாங்குவார்கள், ஒளித்துத் திரிகிற எஞ்சினியரைத் தாங்கமாட்டார்கள்.

நித்திரை, சாப்பாடு, தண்ணி

கொழும்பில் பெரிய கொங்கிரீட் பெரும்பாலும் இரவில்தான். பகல் நெரிசலில் மிக்ஸர் லொறி நகராது. விடியற்புறம் நாலு மணிக்கு முடித்துவிட்டு எட்டு மணிக்குத் திரும்ப வந்து நிற்பதை வீரம் என்று சிலர் நினைக்கிறார்கள். நித்திரையில்லாமல் பலகைத் தட்டில் நடக்கிறவர் விழுவார். இரவு வேலைக்கு ஓம் சொல்லும் போதே, “மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகு வருவேன்” என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். முடிந்த பின் கேட்டால் கிடைக்காது.

மத்தியானச் சோற்றுப் பார்சலை மூன்று மணிக்கு, ஒரு கையில் போனோடு சாப்பிட்டால் வயிறு எரியும். அதைக் கேஸ்ட்ரிக் என்று சொல்லி ஒரு வருடம் மருந்து குடித்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் வயிற்றில் வருத்தமோ தெரியாது.

ஸ்லாப் முடிந்த இரவு போத்தல் வருவது வழக்கம். குடிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம், நான் பிரசங்கம் செய்ய வரவில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: ஸ்லாப் முடிந்ததற்காகக் குடித்தவர், நித்திரை வருவதற்காகக் குடிக்கத் தொடங்கும் நாள். மதுவால் வருகிற நித்திரை இடையில் முறியும், மூன்று மணிக்கு எழுப்பிவிடும். எழும்பினால் திரும்பவும் யோசினை.

அறை எடுத்தால், தனியே எடுக்கக் காசிருந்தாலும் முதல் வருடம் ஒருவரோடு சேர்ந்து எடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை எங்கேயானாலும் சரி. நீங்கள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. அறைக்காரனுக்குத் தெரியும்.

வெடிப்பைக் கவனிப்பது போல

சுவரில் வெடிப்புக் கண்டால் உடனே இடிக்கமாட்டோம், உடனே பூசி மறைக்கவும் மாட்டோம். வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, திகதி எழுதிவிட்டு வருவோம். இரண்டு கிழமை கழித்துப் போய்ப் பார்ப்போம். கோட்டைத் தாண்டியிருந்தால் வேறு ஆளைக் கூப்பிட வேண்டும்.

மனதுக்கும் இரண்டு கிழமை நல்ல அளவு. வைத்தியர்களும் மனச்சோர்வு என்று சொல்ல ஏறத்தாழ அந்தக் காலத்தைத்தான் பார்க்கிறார்கள். அநேகமான நாட்களில் மனம் விழுந்து கிடப்பது, முன்னம் பிடித்த எதிலும் பிடிப்பில்லாமல் போவது, நித்திரை குறைவது அல்லது கூடுவது, பசி மாறுவது, சின்ன அளவைக்கூட நாலு தரம் கூட்டிப் பார்ப்பது, நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம். ஆம்பிளைகளிடம் இது அழுகையாக வருவது குறைவு. கோபமாக, முதுகு நோவாக, குடியாக வரும். போர்மனுக்கு ஏசாத மனிதர் ஏசத் தொடங்கினால் அதுவும் ஒரு கோடு. இரண்டு கிழமை தாண்டியும் நின்றால் போய்க் காட்டுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு கிழமைக் கணக்கெல்லாம் இல்லை, அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

வேலையால் வருகிற களைப்பு வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதற்கு வரைவிலக்கணம் கொடுத்தபோது மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போதல், வேலையில் ஒட்டாமல் வெறுத்துப்போதல், முன்போல் செய்ய இயலாமை. அதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்றே சொன்னது. ஒரு கிழமை லீவில் ஊருக்குப் போய் வந்து தெளிந்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஊரில் முற்றத்தில் இருந்தும் தெளியவில்லையென்றால் மேலே சொன்னது.

எங்கள் ஆட்களிடம் இதற்குச் சொல் இரண்டே இரண்டு. “யோசினை”, “விசர்”. யோசினை என்றால் எல்லோருக்கும் உள்ளதுதானே என்று விட்டுவிடுவார்கள். விசர் என்றால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற பெரிய இடத்துக்கு ஒரு சொல்லும் இல்லாதபடியால்தான் கேஸ்ட்ரிக் என்கிறோம்.

எங்கே போவது, போனால் என்ன நடக்கும்

கோர் ரிசல்ட் வர முன்னம் ஒரு காலை, மூன்றாம் தளத்துப் படியில் நெஞ்சு இறுகி, கை விறைத்து, மூச்சு எடுபடாமல் உட்கார்ந்துவிட்டேன். பாஸ் ஒருவர் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ஈசீஜீ எடுத்தார்கள், இருதயத்தில் ஒன்றுமில்லை. இளம் டொக்டர் ஒருவர் நாடாவை மடித்தபடி, “இரவில் எத்தனை மணிநேரம் நித்திரை?” என்று கேட்டார். பதில் சொல்ல வாய் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட் மடியில்.

நெஞ்சு நோவுக்கு நீங்களே பெயர் வைக்காதீர்கள். முதலில் இருதயம்தானா என்று பார்க்க வேண்டும். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பயத்தால் வந்த படபடப்பென்று வைத்தியர் சொன்ன பிறகு, அடுத்த தரம் வரும்போது அது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கும் என்று நினைவில் வைத்து, இருந்து, மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள்.

அரச வழி: கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவில கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு. ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) காட்டி, துண்டு எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். கட்டணமில்லை, காத்திருக்க வேண்டும், அரை நாள் லீவு போடுங்கள். அங்கொடையில் தேசிய மனநல நிறுவகம் இருக்கிறது. சைட்டில் ஒருவரை நக்கல் அடிக்க, “அங்கொடைக்கு அனுப்பவேணும்” என்று சொல்வது எல்லோருக்கும் வாயில் வருகிற பகிடி. அந்தப் பகிடியாலேயே அந்தப் பஸ்ஸில் ஏறக் கூச்சப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கூட்டறையில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

காசு செலவழிக்க முடிந்தால் தனியார் வைத்தியசாலையில் மனநல வைத்திய நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணலாம். தமிழில் பேசுகிறவரா என்று புக் பண்ணும் போதே கேளுங்கள். மனதில் உள்ளதை இரண்டாம் பாஷையில் சொல்வது கஷ்டம். உள்ளே போனால் பயப்பட ஒன்றுமில்லை, கேள்விகள்தான்: நித்திரை, சாப்பாடு, வீடு, குடி, சாகும் எண்ணம். எல்லோருக்கும் மருந்து தருவதில்லை. தந்தால் வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும். மூன்றாம் நாள் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தவும் கூடாது, சுகமாகிவிட்டது என்று தானாக விடவும் கூடாது. ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: “டொக்டர், நான் உயரத்தில் நின்று வேலை செய்கிறவன்.” சில மருந்து அசதி கொடுக்கும். சொன்னால் மருந்தை, நேரத்தை மாற்றித் தருவார்கள், அல்லது கொஞ்ச நாள் கீழே வேலை கேட்கச் சொல்வார்கள். பார்மஸியில் நித்திரைக் குளிசை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு பலகைத் தட்டில் ஏறுவதைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை.

மெடிக்கல் சேட்டிபிக்கட்டில் என்ன எழுதுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதையும் வைத்தியரிடமே கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அவர்கள் புதியவர்கள் அல்ல.

போனில் பேசுவதென்றால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவு பகல் எடுக்கலாம். 1333 இன்னொரு ஆலோசனை இலக்கம், கட்டணமில்லை. எடுத்தவுடன், “தமிழில் கதைக்க வேணும்” என்று முதலில் சொல்லுங்கள். நேரில் ஒருவர் கேட்டால் போதும் என்றிருந்தால் கொழும்பு 7, ஹோட்டன் பிளேஸில் சுமித்ரயோ இருக்கிறது. 1974 முதல் அதைத்தான் செய்கிறார்கள்: இருந்து கேட்பது.

பக்கத்தில் இருப்பவர்

அவுஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தில், கட்டட வேலைக்காரர் பலர் தங்கள் உயிரை மாய்ப்பதைக் கண்டு 2008இல் மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் சைட்டிலுள்ள சாதாரண வேலையாட்களுக்கே பழக்குகிறார்கள்: கூட வேலை செய்கிறவரின் மாற்றத்தைக் காண, கேட்க, உதவி கிடைக்கும் இடத்தில் சேர்க்க. எங்கள் சைட்டில் அப்படி ஒன்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆள் திடீரென்று ஒதுங்கினால், தன் சாமான்களை மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்கினால், “நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது” என்று சொன்னால், சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: “சாகவேணும் என்று நினைப்பு வருதா, அண்ணே?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஓம் என்றால் தனியே விடாதீர்கள். கூட இருந்து, அவர் முன்னாலேயே 1926க்கு எடுங்கள், வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று இன்றைக்கும் பயப்படுகிறார்கள். உயிரை மாய்க்க முயல்வது இலங்கையில் 1998இலிருந்து குற்றமில்லை.

லீவு

கடைசியாக லீவு. அதைக் கணக்காக எடுத்தால் பாதி யோசினை வராது. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி முதல் வருடத்தில் ஒவ்வொரு இரண்டு மாதம் முடிய ஒரு நாள் தற்செயல் லீவு. இரண்டாம் வருடத்திலிருந்து தற்செயல் லீவு 7 நாள். வருடாந்த லீவு 14 நாள் என்றாலும், இரண்டாம் வருடத்தில் உங்களுக்குக் கிடைப்பது எந்த மாதம் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது: மார்ச்சுக்குள் சேர்ந்தால் 14, ஜூனுக்குள் 10, செப்டெம்பருக்குள் 7, அதற்குப் பிறகு 4. சேரும் திகதியைத் தெரிவு செய்ய முடிந்தால் இதையும் பாருங்கள்.

தைப்பொங்கல் தனியார் துறைக்கான மேர்க்கன்டைல் லீவுப் பட்டியலில் இருக்கிறது. தீபாவளி இல்லை. தமிழர் அல்லாத மனேஜருக்கு அது ஞாபகத்திலும் இருக்காது, அந்த வாரமே ஒரு ஸ்லாப் வைத்திருப்பார். செப்டெம்பரில் லீவுத் தாளைக் கொடுத்து, ஒப்பம் வாங்கி, படம் எடுத்து வைத்துக்கொண்டு, வெள்ளவத்தையிலிருந்து போகிற இரவு பஸ்ஸில் சீற்றைப் பிடியுங்கள். கடைசிக் கிழமையில் பின்சீற்றும் கிடைக்காது.